குழலில் ஈயம் ஒட்டாமல் இருக்க: எஸ்.பி.ஜி. கிரீஸ், ஒரு வருட அனுபவம்

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை. பத்து குண்டுவரை 200 கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடக்கமாக விழுந்துகொண்டிருந்தன. பதினைந்தாவது தட்டைத் தாண்டியது. பதினேழாவது அட்டையையே தொடவில்லை. காற்று மாறவில்லை, என் தோளும் சரியாகத்தான் இருந்தது. துப்பாக்கியைத் திறந்து, ஈரத்துணித் துண்டு ஒன்றைக் கம்பியில் மாட்டிக் குழலுக்குள் தள்ளினேன். பாதி வழியில் இறுகியது. அழுத்தித் தள்ளி மறுபக்கம் எடுத்துப் பார்த்தால், கறுப்புக் கரியின் மேல் வெள்ளிச் சரிகையைப் பிய்த்து ஒட்டியது போல் மினுமினுவென்று துகள்கள். ஈயம்.

கருமருந்து, அதாவது பழங்காலத்துக் கறுப்பு வெடிமருந்து போடுகிற துப்பாக்கியில் வார்ப்பு ஈயக்குண்டு சுடுகிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் இந்தத் துணியைப் பார்த்திருப்பார்கள். அன்றிலிருந்து ஒரு வருடமாக நான் குண்டில் பூசி வரும் எஸ்.பி.ஜி. என்ற கிரீஸைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் கிரீஸை மட்டும் தனியாக எடுத்துப் பேசினால் விஷயம் பாதிதான் புரியும். வாங்கிப் பூசிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர், அன்றைக்கு நான் செய்த அதே தவறைத்தான் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு வடக்கே. என்னிடம் உள்ளது இத்தாலியின் பெடர்சோலி செய்கிற 1874 ஷார்ப்ஸ் மாதிரித் துப்பாக்கி. தோட்டா 45-70, அதாவது அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்ட அளவு: 0.45 அங்குலக் குண்டு, அதற்குப் பின்னால் 70 கிரெய்ன் (சுமார் நாலரை கிராம்) கருமருந்து. நான் 65 கிரெய்ன் போடுகிறேன்.

எங்கள் சுடுதளத்தில் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர் வருவார். வாழ்நாள் முழுக்க லேத் ஓட்டியவர். என் துணியைக் கையில் வாங்கிப் பார்த்தவர், கிரீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து சிறிய டார்ச்சை எடுத்துக் குழலின் அடியில் பிடித்து, "எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார். ஏன் ஒட்டியது என்று அந்த இடமே சொல்லும்" என்றார்.

குழலின் அடியில், தோட்டா அறையைத் தாண்டியதும் ஈயம் ஒட்டியிருந்தால், குண்டின் பக்கவாட்டில் வாயு கசிந்திருக்கிறது என்று அர்த்தம். குண்டு சிறுத்திருக்கும், அல்லது தேவைக்கு மேல் கடினமாக இருக்கும். கருமருந்து எரியும்போது குண்டின் அடியில் சுத்தியலால் ஓங்கி அடித்தது போல் ஒரு தள்ளு விழுகிறது. மென்மையான குண்டாக இருந்தால் அந்த அடியில் சற்றே பருத்து, குழலின் உட்சுவரில் திருகாக ஓடும் பள்ளங்களை நிரப்பி அடைத்துக்கொள்ளும். கடினமான குண்டு பருக்காது. இடுக்கு வழியே தீ புகுந்து குண்டின் ஓரத்தை உருக்கிக் குழல் சுவரில் பூசிவிட்டுப் போகும்.

குழல் வாயின் பக்கம் ஒட்டியிருந்தால் காரணம் வேறு. கிரீஸ் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. கடைசி ஓரடி தூரம் குண்டு காய்ந்த கரியின் மேல் உரசிக்கொண்டு போயிருக்கிறது.

எனக்கு இரண்டு இடத்திலும் இருந்தது.

காய்ந்த கரி என்றால் சாதாரண விஷயமில்லை. நவீனத் துப்பாக்கிகளின் புகையில்லா மருந்தில் சுடுகிறவர்களுக்கு இது பழக்கமிருக்காது. கருமருந்து எரிந்து முடிந்த பின்னும் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. ஒரு பகுதி வெள்ளைப் புகையாக வெளியே போகும், மீதி குழலுக்குள்ளேயே படியும். காற்றில் ஈரமிருந்தால் அது மை போல் இளகிக் கிடக்கும். இங்கே கோடையில் ஈரப்பதம் பதினைந்து சதவீதத்துக்கும் கீழே இறங்குகிற நாட்கள் உண்டு. அப்போது அந்தக் கரி அடுத்த குண்டு வருவதற்குள் ஓடு போல் இறுகிவிடும். அதன் மேல் ஈயம் போனால் உப்புத்தாளில் தேய்த்த மாதிரிதான். ஆகவே கருமருந்துக்கான கிரீஸுக்கு வழுக்கும் குணம் மட்டும் இருந்தால் போதாது. அந்தக் கரியை மெத்தென்று வைத்திருப்பதுதான் அதன் முதல் வேலை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு கோடைகள் பிடித்தன.

அன்று நான் சுட்டவை கடையில் வாங்கிய குண்டுகள். எந்தக் கடை என்பது வேண்டாம். ஆன்டிமனி கலந்த கடின ஈயம். நகத்தால் கீறினால் தடம்கூட விழாது. குண்டைச் சுற்றியுள்ள கிரீஸ் பள்ளங்களில் மெழுகுவர்த்தி போல் இறுகிய கிரீஸ், புகையில்லா மருந்துக்காகச் செய்தது. பெட்ரோலிய மெழுகு, எண்ணெய் சேர்ந்த பல கிரீஸ்கள் கருமருந்துத் தீயில் எரிந்தால் தார் போல் ஆகிக் கரியோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். நவீனத் துப்பாக்கியில் அந்தக் குண்டு நன்றாகவே ஓடும். என் துப்பாக்கிக்கு அது பொருந்தாது. பெட்டியின் மேல் 45-70 என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

பெரியவர் சொன்னபடி முதலில் குழலை அளந்தேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தூய ஈயத்தில் குழலைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை ஒன்று, எண்ணெய், மரச் சுத்தியல், பித்தளைக் கம்பி. சுத்தம் செய்து எண்ணெய் தடவிய குழலின் வாயில் உருண்டையை வைத்து மெல்லத் தட்டி இறக்கினேன். முதல் தட்டில் ஓரத்திலிருந்து மெல்லிய ஈய வளையம் ஒன்று மோதிரம் போல் சீவி விழுந்தது. அப்புறம் கம்பியால் சீராகத் தள்ள, கையில் வந்து விழுந்த துண்டில் குழலின் பள்ளமும் மேடும் அச்சாகப் பதிந்திருந்தன. மைக்ரோமீட்டரில் பள்ளத்துக்குப் பள்ளம் 0.458 அங்குலம். கடையில் வாங்கிய குண்டுகளில் பத்தை எடுத்து அளந்தேன். ஏழு 0.457-ஐத் தாண்டவில்லை. ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். தீ நுழைய அது தாராளம்.

அதன்பிறகு குண்டை நானே வார்க்க ஆரம்பித்தேன். லைமன் கம்பெனியின் 500 கிரெய்ன் அச்சு, இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் பிரினெல் அளவில் தூய ஈயம் 5 என்றால் இந்தக் கலவை 10-ஐ ஒட்டி வரும். அச்சுக்கோர்க்கும் எந்திரத்தில் பயன்பட்ட லைனோடைப் உலோகம் 22 வரை போகும், அதைப் பழைய பொருள் கடையில் பார்த்தாலும் இதற்காக வாங்காதீர்கள். வெள்ளீயம் சேர்த்தால் உருகிய ஈயம் அச்சின் மூலைவரை ஓடி நிரம்புகிறது. என் குண்டு 0.459-இல் விழுகிறது, குழலின் பள்ள அளவைவிட ஒரு மயிரிழை பெரிது. எனக்கு வேண்டியது அதுதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஆறு வயது மகள் இருக்கிறாள். ஈயம் உருக்குவதென்றால் வீட்டை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில், காற்று என் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுதான். அந்தச் சட்டையும் செருப்பும் உள்ளே வராது. கைகழுவாமல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வெடித்துத் தெறிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, கிரீஸுக்கு வருகிறேன். எஸ்.பி.ஜி. வாங்குவதற்கு முன்னால் நானே செய்து பார்த்தேன். ஹலால் கறிக்கடையில் ஆட்டுக் கொழுப்பு வாங்கி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவைத்து, மேலே வெள்ளையாக உறைந்து நிற்கும் கொழுப்பை மட்டும் எடுத்து, மறுபடி ஒருமுறை அதே மாதிரி சுத்தம் செய்து, தேன்மெழுகோடு உருக்கிக் கலந்தேன். வாசனையை மன்னித்துவிட்டால் அருமையான பொருள். முதல் தடவை செய்தது பிரமாதமாக வேலை செய்தது. இரண்டாம் தடவை மெழுகு தூக்கலாகிவிட்டது, பள்ளத்திலிருந்து செதில் செதிலாக உதிர்ந்தது. மூன்றாவது தடவை இளகல். ஒவ்வொரு தடவையும் குறி வேறு இடத்தில் போய் விழுந்தது. இதையே செய்கிற நண்பர்கள் சிலர் ஆட்டுக் கொழுப்புக்குப் பதில் சமையல் வனஸ்பதி போடுகிறார்கள். தேன்மெழுகு பாதி, வனஸ்பதி பத்தில் நான்கு, கனோலா எண்ணெய் ஒரு பங்கு என்பது இங்கே பலரும் அறிந்த அளவு. மலிவு, நல்லதும்கூட. உப்புச் சேர்த்த கொழுப்பு எதையும் தொடாதீர்கள், குழல் துருப்பிடிக்கும்.

கொழுப்பும் தேன்மெழுகும் என்றதும் நம்மவர்களுக்கு 1857 நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. பள்ளிப் புத்தகத்தில் "கொழுப்பு தடவிய தோட்டா" என்று படித்தபோது ஏன் தடவினார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. சிப்பாய்களுக்குக் கொடுத்த என்ஃபீல்டு துப்பாக்கியும் கருமருந்துதான். குழல் வாய் வழியே குண்டை இறக்க வேண்டும். கரி இறுகிவிட்டால் குண்டு உள்ளே போகாது. அதற்காகத்தான் தோட்டாவின் காகிதத்தில் கொழுப்பு. அது பசுவா பன்றியா என்ற கேள்வி கல்கத்தாவை ஒட்டிய டம்டமில் எழுந்து வடநாடு முழுவதும் பற்றியது. சிப்பாய்கள் தங்களுக்கு விருப்பமானதைத் தாங்களே பூசிக்கொள்ளலாம் என்று கம்பெனி பின்னால் உத்தரவு போட்டுப் பார்த்தது, நம்பிக்கை போன பிறகு அது எடுபடவில்லை. நான் கொட்டகையில் ஆட்டுக் கொழுப்பைக் கிண்டிக்கொண்டு நின்றபோது, அந்தக் காகிதத்தைப் பல்லால் கடிக்கச் சொல்லப்பட்டவர்களை நினைத்துக்கொண்டேன்.

எஸ்.பி.ஜி. கருமருந்துத் தோட்டாத் துப்பாக்கிக்கென்றே ஸ்டீவ் கார்ப் என்பவர் உருவாக்கியது. அந்தத் துப்பாக்கிகளுக்கான போட்டிகளில் சுடுகிறவர்களிடையே பெயர் பெற்றது. குச்சியாகக் கிடைக்கிறது. கையில் எடுத்தால் மெழுகு போல் நொறுங்காது, வெண்ணெய் போல் வழியவும் வழியாது. கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும். எனக்குப் பிடித்த முதல் விஷயம் இதுதான்.

பூசுவதற்கு எந்திரங்கள் உண்டு. நான் தட்டு முறையில் செய்கிறேன். பழைய கேக் தட்டில் குண்டுகளை நிமிர்த்தி வரிசையாக நிற்க வைத்து, இன்னொரு பாத்திரத்தில் கிரீஸைச் சுடுநீர்மேல் வைத்து உருக்கி, கடைசிப் பள்ளம் மூழ்கும்வரை ஓரமாக ஊற்றுவேன். நேரடித் தீயில் உருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் தட்டு முழுவதும் பர்பி போல் உறைந்து நிற்கும். அடி வெட்டிய காலித் தோட்டா உறையை ஒவ்வொரு குண்டின் தலை வழியாகவும் இறக்கித் திருகி எடுத்தால், பள்ளங்கள் முழுக்க நிறைந்து குண்டு வெளியே வரும். மிச்சக் கிரீஸ் ஓட்டை ஓட்டையாகத் தட்டில் இருக்கும், அடுத்த தடவைக்கு உருக்கிக்கொள்ளலாம். பூசுவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பார்த்தேன். என் குண்டு 14 கிரெய்ன் கிரீஸ் பிடிக்கிறது. ஒரு பவுண்டுக்கு 500 குண்டு என்ற கணக்கு. வீட்டுக் கலவையைவிடப் பல மடங்கு விலை என்றாலும், நான் மாதம் நாற்பது குண்டுக்கு மேல் சுடுவதில்லை. எனக்குக் கட்டுப்படியாகிறது.

ஆகஸ்டில் முதல் தடவை சுட்டேன். மருந்தின் மேல் கனத்த அட்டை வில்லை, அதன் மேல் குண்டு, இடையில் வெற்றிடம் துளியும் இல்லாமல். பத்து குண்டு முடிந்ததும் குழல் வாயைப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றி, உள்ளே இருக்கும் ஆறு பள்ளங்களுக்கும் நேராக, ஈரமான கறுப்புக் கோடுகள் கோலம் போட்ட மாதிரி விரிந்திருந்தன. இதை நட்சத்திரம் என்பார்கள். கிரீஸ் கடைசிவரை வந்து சேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். விரல் வைத்தால் பிசுபிசுத்தது. கடைக் குண்டு சுட்ட நாளில் அந்த இடம் சாம்பல் நிறத்தில் வறண்டு கிடந்தது.

நட்சத்திரம் வந்தாலும் இந்த ஊர்க் காற்றுக்குக் கிரீஸ் மட்டும் போதாது. இரண்டு குண்டுக்கு நடுவே குழலுக்குள் மூச்சு விடுகிறேன். சுட்டு முடித்த தோட்டா உறையின் அடியில் துளையிட்டு, அதில் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறேன். துப்பாக்கியைத் திறந்து, அறை காலி என்று கண்ணால் பார்த்து, உறையைப் பின்பக்கமிருந்து அறையில் செருகி, நீளமாக ஐந்து மூச்சு. எந்தக் காரணத்துக்காகவும் குழல் வாயில் வாய் வைக்கக் கூடாது. நம் மூச்சில் இருக்கும் ஈரம் கரியை இளக்குகிறது. கிரீஸ் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்துதான் வேலை. காலை ஒன்பது மணிவரை ஐந்து மூச்சு போதும். பதினோரு மணி வெயிலில் எட்டு வேண்டும். அதற்கும் மேல் காய்ந்தால் மூச்சை நம்பாமல், ஐந்து குண்டுக்கு ஒருமுறை ஈரத்துணி ஒன்றும் உலர்ந்த துணி ஒன்றும் ஓட்டிவிடுவேன்.

செப்டம்பரில் நியூ மெக்சிகோவின் ரேடனுக்கு, விட்டிங்டன் சென்டர் என்ற சுடுதளத்துக்குப் பயிற்சிக்காகப் போனேன். இரும்பில் வெட்டிய மிருக உருவங்கள் அங்கே நிற்கும். கோழி 200 மீட்டரில், பன்றி 300, வான்கோழி 385, ஆட்டுக்கடா 500. கடா கனமான இரும்பு, பட்டால் போதாது, விழ வேண்டும். சுட்டபின் ஏறத்தாழ மூன்று நொடி காத்திருந்தால்தான் குண்டு பட்ட சத்தம் கேட்கும். மேட்டு நிலம், காற்று வறட்சி. ஒரே நாளில் முப்பத்தெட்டு குண்டு சுட்டேன். முப்பதாவது குண்டிலும் துப்பாக்கி தன் குறியை மாற்றவில்லை. தவறியவை என் தவறு என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கிரீஸிடம் இதற்கு மேல் நான் எதுவும் கேட்க மாட்டேன்.

ஜனவரியில் பனி உறைந்த காலையிலும் சுட்டேன். கிரீஸ் இறுகியது, ஆனால் உதிரவில்லை. தோட்டாப் பெட்டியைக் கோட்டுக்குள் அணைத்து வைத்துக்கொண்டேன். வெயில் காலத்தில் இதற்கு நேர்மாறு: கொழுப்பும் மெழுகும் எதுவானாலும் சூடு ஆகாது. தேன்மெழுகே 62 டிகிரி செல்சியஸ் தாண்டினால் உருகிவிடும், மற்றது சேர்ந்த கலவை அதற்கு முன்பே இளகும். பூட்டிய காரில் தோட்டாவை விடாதீர்கள். நான் ஐஸ் போடாத ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறேன்.

ஏற்கெனவே ஈயம் ஒட்டிய குழலோடு இதை ஆரம்பிக்கக் கூடாது. பழைய ஈயம் புது ஈயத்தை இழுக்கும். வெண்கலப் பிரஷில் பாத்திரம் தேய்க்கும் தூய செம்புச் சுருளின் இழைகளைச் சுற்றி, எண்ணெய் விட்டு, பின்பக்கமிருந்து இருபது முப்பது தடவை ஓட்டுங்கள். சுருளைக் காந்தத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்பு முலாம்தான். வினிகரும் பெராக்சைடும் கலந்து ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. ஈயம் கரையும், ஆனால் கரைந்து வரும் நீர் கடும் விஷம், எஃகையும் அரிக்கும். நான் அந்தப் பக்கமே போவதில்லை. என் குழலுக்கு இரண்டு மாலைகள் ஆயின. அதன்பின் ஒவ்வொரு நாளும் சுட்டு முடித்ததும் பாலிஸ்டால் என்ற துப்பாக்கி எண்ணெய் ஒரு பங்கு, தண்ணீர் ஏழு பங்கு கலந்து நனைத்த துணி நான்கைந்து, பிறகு உலர்ந்த துணி, கடைசியில் எண்ணெய். கருமருந்துக் கரியைக் கரைக்கத் தண்ணீரை விஞ்ச எதுவும் இல்லை, அன்றே செய்ய வேண்டும்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்கிறேன். குண்டின் அளவு குழலுக்குப் பொருந்தாதவர்கள் முதலில் அளவைச் சரிசெய்யுங்கள். கடினக் குண்டு வைத்திருப்பவர்கள் அதை மாற்றுங்கள். நிறையச் சுடுகிறவர்கள், கலவையை ஒரே மாதிரி செய்யும் பொறுமை உள்ளவர்கள், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். குண்டைக் காகிதத்தில் சுற்றிச் சுடுகிறவர்களுக்குப் பள்ளக் கிரீஸே தேவையில்லை. மற்றவர்கள் ஒரு குச்சி வாங்கிப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து குண்டு சுட்டுவிட்டு முதல் துணியைத் தள்ளினேன். எங்கும் இறுகாமல் ஒரே சீராகப் போய் மறுபக்கம் விழுந்தது. கறுப்பு, ஈரம், அழுகிய முட்டை வாசனை. அந்தப் பெரியவர் பக்கத்து மேசையில்தான் இருந்தார். துணியை விரித்து வெயிலில் பிடித்தேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளி, கிட்டே வந்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தார். மினுக்கும் துகள் ஒன்றுகூட இல்லை. தலையசைத்துவிட்டுத் தன் துப்பாக்கியைத் துடைக்கப் போய்விட்டார்.